காப்பு அவிழ்க்கும் நாள்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அண்ணன்மார்களே, அக்கா அவர்களே, என் அணித் தோழர்களே, பந்தலில் இடம் போதாமல் திண்ணையிலும் மொட்டைமாடியிலும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற குடியாத்தத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம்.

"சின்ன ஊரில் வளரும் பெண்பிள்ளைக்கு வாழ்வு தருவது ஊரின் அரவணைப்பா, ஊர் தாண்டும் பயணமா?" இதுதான் இன்றைக்குத் தலைப்பு. ஊர் தாண்டும் பயணமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் உள்ளத்திலிருந்து பேசினார். ஊருக்கு நூறு கண், அந்த நூறு கண்தான் பெண்பிள்ளைக்கு வேலி என்றார். அம்மன் எல்லையிலே காவல் நிற்கும்போது பிள்ளை எதற்கு எல்லை தாண்ட வேண்டும் என்று கேட்டார். படிப்பா, ஆஸ்பத்திரியா, வேலையா, வேலூரிலேயே எல்லாம் இருக்கிறது, காட்பாடி தாண்டிப் போய் ஒரு காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்றார். நீங்கள் எல்லாரும் கை தட்டினீர்கள். தாய்மார்கள் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அந்த ரசத்துக்கு நானும் பதில் சொல்வேன். கொஞ்சம் பொறுங்கள்.

நேற்று வைகாசி ஒன்று. முத்தியாலம்மன் கோயிலிலிருந்து சிரசு புறப்பட்டதைப் பார்த்தோம். சிலம்பமும் புலியாட்டமும் முன்னே போக, தெருவெல்லாம் உடைத்த தேங்காயும் மாலையுமாக, கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு அந்தத் தலை போய்ச் சேர்ந்து உடலில் பொருத்தும் வரைக்கும் இந்த ஊரில் யாரும் வீட்டுக்குள் இருந்திருக்க மாட்டோம். நானும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டுதான் கும்பிட்டேன். கும்பிடும்போது ஒவ்வொரு வருஷமும் எனக்கு ஒரே எண்ணம்தான் வரும். அந்தத் தலை ஏன் தனியாக வருகிறது?

கதை உங்களுக்குத் தெரியும். ஜமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை, அவள்தான் நம் அம்மன். பச்சை மணலைக் குடமாகப் பிடித்துத் தண்ணீர் கொண்டுவருவாள், அப்படிப்பட்ட கற்பு. ஒரு நாள் ஆற்றில் குனிந்தபோது, ஆகாயத்தில் போன கந்தர்வனின் நிழல் தண்ணீரில் தெரிந்தது. பார்த்தாள். குடம் உடைந்தது. புருஷன் சொல்ல, பெற்ற பிள்ளை பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். பிறகு வரம் கேட்டு உயிரை மீட்கும்போது பதற்றத்தில் தாயின் தலையை வேறொருத்தியின் உடலில் வைத்துவிட்டான்.

அவள் செய்தது என்ன? ஆளைக்கூடப் பார்க்கவில்லை. நிழலை, அதுவும் ஒரு கணம். அதற்குத் தலை போனது. இந்த மண் அந்த அநியாயத்தை மறக்கவில்லை என்றுதான் நான் சிரசுத் திருவிழாவைப் புரிந்துகொண்டிருக்கிறேன். வெட்டுப்பட்ட தலையைத் தோளில் தூக்கிக்கொண்டு, தாயே தாயே என்று தெருத்தெருவாக மாலை போடுகிறோமே, அது மன்னிப்புக் கேட்பதுதான். நேற்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்றைக்கு நம் வீட்டுப் பெண்ணின் பார்வைக்குக் கணக்குக் கேட்டால் எப்படி, அண்ணா?

நான் அரசுப் பள்ளியில் டீச்சர். என்னிடம் படிக்கிற ஒரு பிள்ளை, பதினொன்று முடித்துப் பன்னிரண்டுக்குப் போகிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயரும் தெருவும் சொல்ல மாட்டேன். அப்பா லுங்கித் தறியில் உட்காருகிறவர். அம்மா பீடி சுற்றுகிறார். ஒரு நாள் சாயந்திரம் அவள் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் போயிருக்கிறாள். கரண்ட் போய்விட்டது. வரட்டும் என்று கடை வாசலில் நின்றாள். கூட டியூஷன் படிக்கிற பையன் ஒருவனும் அங்கே நின்றிருக்கிறான். "கெமிஸ்ட்ரி ரெக்கார்டு முடிச்சிட்டியா" என்று அவன் கேட்டான், "இல்ல" என்று இவள் சொன்னாள். இவ்வளவுதான் நடந்தது.

அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும் முன்னே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருவர் அஞ்சு நிமிஷம் என்றார், ஒருவர் அரை மணி நேரம் என்றார், சிரிச்சிப் பேசினாள் என்று இன்னொருவர் சேர்த்துக்கொண்டார். அம்மா மடியில் முறம். முறத்தில் வெட்டின பீடி இலை, ஓரத்தில் தூள். விரல் சுருட்டுவதை நிறுத்தவில்லை, தலை நிமிரவில்லை. "யாருடி அவன்? இன்னா பேசிகினு இருந்தே?" என்று கேட்டார். பிள்ளை ஜெராக்ஸ் தாளை எடுத்துக் காட்டினாள். அம்மா தாளைப் பார்க்கவில்லை. "நீ தப்பு பண்ணலன்னு எனுக்குத் தெரியும்டி. ஊருக்கு யாரு சொல்றது?"

இந்த வார்த்தையைக் கவனியுங்கள். பெற்றவளுக்கு மகள் மேல் சந்தேகம் இல்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து டியூஷன் நின்றது.

மறுநாள் பள்ளிக்கு வந்தவள் என்னிடம் அழவில்லை. கேட்டால் ஒன்றுதான் சொன்னாள். "மிஸ், யார் வூட்டுப் பொண்ணு நீன்னு யாருமே கேக்காத தெருவுல ஒரு நாள் முழுக்க நடக்கணும் மிஸ்."

அண்ணா, நீங்கள் சொன்ன நூறு கண் வேலி இதுதான். வேலிக்கு முள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? மாடு வருகிற பக்கம். இந்த வேலியின் முள் பயிரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. மேய வந்த மாட்டை அது ஒன்றும் செய்வதில்லை. பஸ் ஸ்டாண்டில் பெண்பிள்ளைகளின் பின்னாலேயே நடக்கிறவனை இந்த நூறு கண்ணும் பார்த்தபடிதான் இருக்கின்றன. அவன் வீட்டு முறத்துக்கு யாரும் செய்தி கொண்டுபோவதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இன்றைக்கு மேடை ஏறினேன்.

அம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறோம். மஞ்சள் தோய்த்த நூல். காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. எங்கே போனாலும் பொழுது சாய்ந்தால் ஊருக்குள் வந்துவிட வேண்டும். நல்ல வழக்கம் என்றே நான் நினைக்கிறேன். திருவிழா நாளிலாவது ஊர் ஒன்றாக இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

போன வருஷம் இதே பிள்ளை ஒரு கோடை முகாமுக்குத் தேர்வானாள். சென்னையில் இரண்டு ராத்திரி. கடற்கரை பார்த்திராத பிள்ளை. புவியியல் என்றால் அவளுக்கு உயிர். அட்லஸைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவள். பாலாற்றைக் கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்திலிருந்து வங்கக் கடல் வரைக்கும் பார்க்காமல் வரைந்து காட்டுவாள். அந்த ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று என்னிடம் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள். முகாம் தேதி காப்புக் கட்டின வாரத்தில் விழுந்தது. "காப்புக் கட்டிக்குது மிஸ், ராத்தங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க." சரி, சாமி காரியம் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அதே வீட்டில், அதே காப்பைக் கட்டிக்கொண்ட அவளுடைய அண்ணன் அந்த வாரமே பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய் இரண்டு ராத்திரி தங்கி வந்திருக்கிறான். பொழப்பு, போகாமல் முடியுமா என்றார்கள். நியாயம்தான். பிழைப்புக்கு அம்மன் வழி விடுவாள். படிப்புக்கு விட மாட்டாளா?

அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. காப்புக் கட்டுவதற்கு ஒரு நாள் இருப்பதுபோல அவிழ்ப்பதற்கும் ஒரு நாள் இருக்கிறது. திருவிழா முடிந்தது, மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று, கயிற்றை அவிழ்த்துவிட்டோம். யாரும் வருஷம் முழுக்கக் காப்போடு திரிவதில்லை. பெண்பிள்ளை வயதுக்கு வந்த அன்றைக்குக் கட்டுகிறோம் பாருங்கள் ஒரு காப்பு, கண்ணுக்குத் தெரியாத காப்பு, அதை அவிழ்க்கிற நாள் எது? பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறதா? பூசாரியைக் கேட்டால் சொல்வாரா? அந்த நாள் எது என்றுதான் அந்தப் பிள்ளை கேட்கிறாள். அவளுக்கு ஊர் மேல் கோபமும் இல்லை, சாமி மேல் வெறுப்பும் இல்லை. நேற்று சிரசுக்கு முன்னால் மஞ்சள் பாவாடை கட்டிக்கொண்டு வேப்பிலையோடு ஓடினவர்களில் அவளும் ஒருத்தி.

அவிழ்க்கிற நாள் கல்யாணம் என்பீர்கள். அதைத்தான் கேட்க வேண்டும். எதிரணி அக்கா எழுந்து சொல்லட்டும், உங்கள் ஊர் எது, வாழ்வது எங்கே? இந்தப் பந்தலில் இருக்கிற தாய்மார்களில் பிறந்த தெருவிலேயே வாழ்கிறவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்கியிருக்கிறீர்கள், ஒன்று, இரண்டு, அங்கே ஒரு பாட்டி. மற்ற எல்லாரும் ஊரை விட்டு வந்தவர்கள். ஆம்பூரிலிருந்து, பேர்ணாம்பட்டிலிருந்து, சித்தூரிலிருந்து, போளூரிலிருந்து வந்தவர்கள். "பொம்பளப் புள்ள இன்னொருத்தர் வூட்டுக்குப் போறவ" என்று சொல்லிச் சொல்லித்தான் உங்களை வளர்த்தார்கள். அப்போது இந்த அரவணைப்பு எங்கே போயிருந்தது? முன்பின் தெரியாத ஊருக்கு, முன்பின் தெரியாத வீட்டுக்கு, பத்தொன்பது வயதுப் பிள்ளையை ஒரு டிரங்குப் பெட்டியோடு அனுப்பும்போது, காய்ச்சல் வந்தால் ரசம் யார் வைப்பார் என்று ஏன் ஒருவரும் கேட்கவில்லை? அங்கே அவள்தானே எல்லாருக்கும் ரசம் வைத்தாள்!

பெண்பிள்ளை ஊரை விட்டுப் போவதில் நமக்கு எந்தக் காலத்திலும் ஆட்சேபம் இருந்ததில்லை, நடுவர் அவர்களே. அவள் தானாக முடிவு பண்ணிப் போவதுதான் ஆட்சேபம். தாலியோடு போனால் மங்களம், சான்றிதழோடு போனால் அவமானம் என்றால், அரவணைப்பு என்ற பெயரில் நாம் காப்பாற்றிக்கொண்டிருப்பது பிள்ளையை இல்லை, நம் அதிகாரத்தை.

வேலூரிலேயே எல்லாம் இருக்கிறது என்றார் அண்ணன். இருக்கிறது, எனக்கும் பெருமைதான். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்துகளுக்குள் ஒரு தரம் போய்ப் பாருங்கள். லாட்ஜ் பலகை வங்காளத்தில், சாப்பாட்டுக் கடைப் பலகை வங்காளத்தில். உள்ளே வார்டில் ஊசி போடுகிற பிள்ளை கோட்டயத்துக்காரி. அடுத்த வார்டில் மிசோரத்துப் பிள்ளை, தமிழில் "வலிக்குதாம்மா" என்று கேட்கக் கற்றுக்கொண்டிருப்பாள். காட்பாடியில் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குகிற மாணவிகள் எந்தெந்த மாநிலம் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஊரிலும் சாமி இல்லையா? நூறு கண் இல்லையா? ரசம் வைக்கிற அம்மா இல்லையா? யாரோ ஒரு தகப்பன் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ரயில் ஏற்றிவிட்டதால்தான் வேலூரில் "எல்லாம் இருக்கிறது". ஊர் ஊராக அடுத்தவர் பெண்கள் வந்து நமக்கு வைத்தியம் பார்க்கலாம், நம் பெண் மட்டும் காட்பாடி தாண்டக் கூடாதா?

அந்த ஆஸ்பத்திரி எப்படி வந்தது? இது நம் வட ஆற்காட்டு மண்ணின் கதை, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். நடுவர் மணியைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும்.

1870இல் ராணிப்பேட்டையில் ஒரு பெண் பிறந்தார், ஐடா ஸ்கடர். தாத்தா கிறிஸ்தவ ஊழியக்காரர், அப்பா ஊழியக்காரர், பெரியப்பா சித்தப்பா எல்லாம் ஊழியக்காரர்கள். மதமே வீடு, வீடே மதம். சின்ன வயதில் பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். வளர்ந்து அமெரிக்காவில் படிக்கும்போது அவருக்கு ஒரே தீர்மானம், இந்தக் குடும்பத்தில் எல்லாரும் போகிற வழியில் நான் போக மாட்டேன், இந்தியப் பக்கம் திரும்ப மாட்டேன், எனக்கென்று ஒரு வாழ்க்கை வேண்டும். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளை மொட்டைமாடியில் நின்று நினைக்கிறாளே, எழுத்துக்கு எழுத்து அதே நினைப்பு. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வந்தார், திண்டிவனத்துக்கு. பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதாக எண்ணம்.

ஒரு ராத்திரி கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமண இளைஞர். மனைவிக்குப் பிரசவ வலி, குழந்தை வரவில்லை, நீங்கள் வர வேண்டும். நான் டாக்டர் இல்லை, என் அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் வந்து பார்ப்பதா, அதற்கு அவள் செத்தாலும் சரி என்று போய்விட்டார். அதே ராத்திரியில் ஒரு முஸ்லிம் கணவர் வந்தார். அதே கேள்வி, அதே பதில். பிறகு மூன்றாவதாக இன்னொருவர். விடிந்தபோது பறைச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களும் செத்துப் போயிருந்தார்கள்.

அண்ணா, அந்த மூன்று வீட்டிலும் அரவணைப்புக்கு என்ன குறை? சொந்தம் இருந்தது, பந்தம் இருந்தது, மூன்று வீட்டிலும் சாமி இருந்தது. அரவணைப்பு வாசற்படியில் நின்று ஆண் டாக்டரைத் தடுத்தது, உள்ளே பெண் பாயோடு பாயாகப் போனாள். அந்தப் பெண்களைக் காப்பாற்ற அன்றைக்கு எது இல்லை? ஊர் எல்லையைத் தாண்டிப் போய்ப் படித்து வந்த ஒரு பெண் இல்லை. அது ஒன்றுதான் இல்லை.

ஐடா கப்பல் ஏறினார். கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் வாங்கினார். 1900இல் வேலூருக்கு வந்து ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. பெண்பிள்ளைகளா, தேற மாட்டார்கள் என்றார்கள். 1922இல் முதல் அணி 14 பேர் தேறி வெளியே வந்தார்கள். அந்த 14 பேரும் வேலூர்த் தெருவிலேயே பிறந்தவர்களா? ஒவ்வொருத்தியும் ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு திண்ணையில், போகிறேன் என்று சொல்லி நின்றவள். நூறு வருஷத்துக்கு முன்னால் நின்றவள்! நாம் இன்னும் அதே திண்ணையில் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

"திரும்பி வந்தார் இல்லையா, அதைத்தான் நாங்களும் சொல்கிறோம்" என்று எதிரணியில் குரல் கேட்கிறது. வந்தார். தானாக வந்தார். திரும்பி வருவேன் என்று கைநாட்டு வைத்துவிட்டுப் போ என்று கப்பலடியில் யாரும் கேட்கவில்லை. நிபந்தனை போட்டு அனுப்பினால் பிள்ளை திரும்புவது கடனுக்கு. போன பிள்ளை வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் அது துரோகம் என்று சொல்லாதீர்கள். அவள் எங்கே நல்லபடியாக இருந்தாலும் அது இந்த ஊர்ப் பிள்ளை நல்லபடியாக இருப்பதுதான்.

எல்லையில் அம்மன் இருக்கிறாள் என்றார் அண்ணன். இருக்கட்டும். பொன்னைப் பக்கம் ஒரு மலை இருக்கிறதே, அதை ஏன் மறந்துவிட்டீர்கள்? வள்ளிமலை. குறவர் குலத் தலைவன் நம்பிராஜன் வளர்த்த பிள்ளை, பரண் மேல் நின்று கவண் வீசித் தினைக்கொல்லை காத்த பிள்ளை. அண்ணன்மார்களும் வேடர்களும் சுற்றிக் காவல். அவள் வாழ்க்கையை அவள் தேர்ந்தெடுத்துக்கொண்டு ராத்திரியில் எல்லை தாண்டினாள். காதலுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்காதீர்கள், பதினாறு வயதில் யாரோடும் ஓடச் சொல்லவில்லை. நான் காட்ட வந்தது அதற்கு அடுத்த காட்சி. தகப்பன் வில்லெடுத்துக்கொண்டு துரத்தி வந்தான், சேவல் கூவினதில் கூட்டத்தோடு விழுந்தான். விழுந்த தகப்பனை எழுப்பியது யார்? வள்ளிதான். போன பிள்ளை. எழுந்த தகப்பன் ஊருக்கு அழைத்துப் போய்த் தானே கைப்பிடித்துக் கொடுத்தான். இன்றைக்கு அந்த மலைக்கு நம்பிராஜன் மலை என்றா பெயர்? காவல் காத்த அண்ணன்மார் பெயரா? தாண்டிப் போனவளின் பெயரை வைத்துக்கொண்டு, மாசி மாதம் தேர் இழுத்து, நாம்தானே அந்த மலையைச் சுற்றி வருகிறோம்.

என் கதையும் இதில் உண்டு. நான் பிறந்தது கோயில் மணி கேட்டுத்தான் அடுப்புப் பற்ற வைக்கிற ஒரு சின்ன ஊர். அப்போது இதெல்லாம் சேர்ந்து ஒரே வட ஆற்காடு மாவட்டம். பன்னிரண்டாவது முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு வெளியூரில் இடம் கிடைத்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர், பேர் வேண்டாம், போய்விட்டார், எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னார், "வயசுப் பொண்ண ஆஸ்டல்ல வுட்டா, நாளிக்கி கோயில் மரியாதைக்கு உன்னை எப்பிடிக் கூப்புடறது?" அப்பா வாயே திறக்கவில்லை. விடுதிப் படிவத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தறிக்குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். சேரக் கடைசி நாள் வந்தது. எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவள், காட்பாடிக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை, விடியற்காலை என்னை எழுப்பி, "எந்திரி, போலாம்" என்றாள். இரண்டு பஸ் மாறினோம். வார்டன் படிவத்தை நீட்டி, "பாதுகாவலர் யார்?" என்று கேட்டார். ஆயா பெருவிரலை நீட்டினாள். மையை அவர்கள் தடவும் வரைக்கும்கூடப் பொறுக்கவில்லை, தானே டப்பாவில் விரலை அழுத்தி எடுத்துப் பதித்தாள். ரேகை தெரியாமல் முழு விரலும் கறுப்பாக விழுந்தது. "நல்லா பதிஞ்சிச்சாம்மா?" என்று மூன்று தரம் கேட்டாள்.

எனக்குக் காப்பு அவிழ்த்தது அந்தப் பெருவிரல்.

ரசத்துக்கு வருகிறேன். விடுதிக்குப் போன மூன்றாம் மாதம் எனக்கு டைபாய்டு. அறையில் கூட இருந்தவள் தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளை. எட்டு நாள் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். எங்கள் சாதி என்ன, சாமி என்ன என்று அவள் கேட்கவில்லை. அரவணைப்பு பிறந்த ஊரில் மட்டும் முளைக்கிற செடி என்று யார் சொன்னது? போகிற இடத்தில் அவளும் நாலு பேருக்கு ஊர் ஆவாள்.

வெளியூரில் ஆபத்து இருக்கிறது, மறுக்க மாட்டேன். அதற்குத்தான் நல்ல விடுதியாகப் பார்த்துச் சேர்ப்பதும், வாரம் தவறாமல் பேசுவதும், எது நடந்தாலும் "நீ முதல்ல வூட்டுக்கு வா, மத்தத அப்புறம் பேசிக்கலாம்" என்று ஒரு வார்த்தை கொடுத்து அனுப்புவதும். உள்ளூரில் ஆபத்து இல்லையா? எங்கள் பள்ளிச் சுவரில் குழந்தைகள் உதவி எண் 1098 என்று பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம். அந்த எண்ணை அழைக்கிற பிள்ளைகள் எல்லாம் பட்டணத்தில் தனியாக இருக்கிறவர்களா? அழைக்க முடியாமல் தவிக்கிற பிள்ளை, ஊர் பேசுமே என்றுதான் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். அந்த மௌனத்துக்கும் அரவணைப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

முதல் மணி அடித்துவிட்டார் நடுவர். அந்தப் பிள்ளையிடம் முடித்துக்கொள்கிறேன்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஊரை விட்டு ஓட ஆசை என்றார் அண்ணன். ஓடப்போகிற பிள்ளை கணக்கு எழுதுமா? போன மாதம் அவளுடைய நோட்டைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, இடப் பக்கம் வரவு, வலப் பக்கம் செலவு. சென்னையில் கடற்கரைக்கு எதிரே ராணி மேரிக் கல்லூரி, 1914இல் தொடங்கிய கல்லூரி, அங்கே புவியியல் படிக்க வேண்டும் என்று அவள் ஆசை. வரவில் முதல் வரி, புதுமைப்பெண் 1000. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு மாதா மாதம் அரசு கொடுக்கிற பணம், அதை இப்போதே எழுதிவிட்டாள். அதற்குக் கீழே லீவு நாளில் அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றினால் வருகிற கூலி. செலவுப் பக்கம் விடுதி, மெஸ், நோட்டு, பேனா, சோப்பு, செல் ரீசார்ஜ், தலைக்கு எண்ணெய். கூட்டிப் பார்த்திருக்கிறாள், வரவு பத்தவில்லை. ஒவ்வொன்றாக அடித்திருக்கிறாள். எண்ணெயை அடித்திருக்கிறாள். ரீசார்ஜைப் பாதியாக்கியிருக்கிறாள். மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டை அடித்திருக்கிறாள்.

செலவில் கடைசி வரி, "வைகாசி 1, சிரசுக்கு ஊருக்கு வந்து போக ரயில்." அந்த வரியை மட்டும் அவள் அடிக்கவில்லை.

நன்றி, வணக்கம்.